பாறையைப் படிக்க எந்தப் பட்டம்?



இத்தகைய அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் ஓர் ஆய்வுப் பொருளை எடுத்துப் பேசுவது வழக்கம். பாறைகளின் வயது, நிலநடுக்கம், கனிமவளம் என்று எதையாவது பேசும்படிதான் அழைத்தவர்களும் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்று நிலவியல் படிக்க ஆசைப்பட்டால் எந்தப் பட்டத்தில் சேரவேண்டும், எங்கே சேரவேண்டும், சேருமுன் அந்தத் துறையிடம் என்ன கேட்கவேண்டும்? ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் இதைத்தான் கேட்கிறார்கள். பாதிப் பேருக்குக் கேட்க ஆள் கிடைப்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. இயற்பியலும் வேதியியலும் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அந்தப் பாடத்தின் ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறார். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலை வகுப்புகளில் நிலவியல் தனிப்பாடமாக இல்லை. பக்கத்துக் கேரளத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளிலேயே நிலவியலை ஒரு பாடமாக எடுத்துப் படிக்க முடிகிறது. நம் பிள்ளையோ கல்லூரி விண்ணப்பப் படிவத்தில்தான் அந்தப் பெயரை முதன்முதலாகப் பார்க்கிறது. வேறு எதுவும் கிடைக்காதபோது அதில் ஒரு குறி போடுகிறது. இந்த அறிவியலுக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை என்று நான் நினைக்கிறேன். விரும்பி வரவேண்டிய இடத்துக்குத் தவறி வருகிறார்கள். வந்த பிறகு அதில் பலர் மனம் பறிகொடுக்கிறார்கள் என்பது வேறு செய்தி.

நாம் இருக்கும் மண் எப்படிப்பட்டது என்று பாருங்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் நாள்தோறும் எத்தனையோ பேர் பல்லாவரத்தைக் கடந்துபோகிறார்கள். அங்கே 1863 மே மாதத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளைஞர் சரளைக்கற்களுக்கு நடுவே ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. அதே பல்லாவரத்துக் குன்றுகளின் கருநீலப் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கொல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைப் பாறை என்பதால் வந்த பெயர் அது. 1900இல் ஹாலண்டின் நூல் வெளியானது. அண்டார்க்டிகாவிலோ நார்வேயிலோ அதே பாறையைப் பார்ப்பவர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். சென்னை விமான நிலையத்துக்கு எதிரே நிற்கும் குன்று உலக நிலவியலின் பாடநூல்களில் இருக்கிறது. அந்தக் குன்றின் அடியில் குடியிருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது.

பட்டங்களுக்கு வருகிறேன்.

முதலாவது வழி மூன்றாண்டு பி.எஸ்சி. தமிழ்நாட்டில் மிகச் சில கல்லூரிகளில்தான் இது உண்டு. சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி ஆகியவை நெடுங்காலமாக இதை நடத்திவருபவை. இயற்பியலும் வேதியியலும் படித்தவர்கள் பெரும்பாலும் தடையில்லாமல் சேரலாம். கணிதம் படிக்காமல் வருபவர்களை யாரும் தடுப்பதில்லை. ஆனால் முதல் ஆண்டிலேயே கொஞ்சம் கணிதத்தைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. நிலத்தடி நீர் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, பாறைப் படுகை எந்தக் கோணத்தில் மடிந்திருக்கிறது என்பவை எண்களில் பேசும் சங்கதிகள்.

இந்த மூன்றாண்டில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெளியிலிருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. முதல் ஆண்டில் பிள்ளையின் கையில் ஒரு கனிமத்தைக் கொடுத்து இது என்ன என்று கேட்பார்கள். நகத்தால் கீறிப் பார், கத்தியால் கீறிப் பார், பூச்சில்லாத பீங்கான் தகட்டில் உரசி அது விடும் கோட்டின் நிறத்தைப் பார் என்பார்கள். கறுப்பாகப் பளபளக்கும் ஹேமடைட், பீங்கானில் உரசினால் செங்காவிக் கோடு விடும். கண்ணை மட்டும் நம்பாதே என்ற பாடத்தைப் பிள்ளை அங்கே கையால் கற்றுக்கொள்கிறது. அடுத்து நுண்ணோக்கி. கருங்கல்லின் சிறு துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்ப்பார்கள். அவ்வளவு மெலிந்த பிறகு கருங்கல்லின் வழியே ஒளி புகும். இரண்டு துருவமாக்கித் தகடுகளுக்கு நடுவே அதை வைத்து மேடையைச் சுழற்றினால், அம்மிக்கல்லாக மட்டுமே நாம் அறிந்திருந்த கல்லில் நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் எழுந்து மறையும். குவார்ட்ஸ் சாம்பல் நிறத்தில் நிற்கும். ஃபெல்ட்ஸ்பாரில் வரிவரியாகக் கோடுகள் ஓடும். அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்த மாணவர்கள் முகம் மாறுவதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். இடம் கிடைக்காமல் வந்து சேர்ந்த பிள்ளை, இனி இதைத்தான் படிப்பேன் என்று முடிவெடுப்பது அந்த மேசையில்தான்.

மூன்றாம் ஆண்டில் வரைபடம். சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட், ஒரு சுத்தியல், கைலென்ஸ், திசையும் சாய்வும் அளக்கும் பிரண்டன் காம்பஸ் ஆகியவற்றோடு ஓர் ஊரைச் சுற்றி நடந்து, எந்தப் பாறை எங்கே முடிகிறது, எது எதன் மேல் படிந்திருக்கிறது என்று வண்ணம் தீட்டி வரவேண்டும். ஸ்டிரைக், டிப் என்ற இரண்டு சொற்களை நிலவியல் மாணவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். படுகை எந்தத் திசையில் நீள்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்ற இரண்டு அளவுகள் அவை. மேலே தெரியும் ஒரு சாண் பாறையிலிருந்து கீழே தெரியாத நூறு மீட்டரைச் சொல்லும் கலை அந்த இரண்டு அளவுகளில் தொடங்குகிறது.

பெற்றோர் தெளிவாக அறியவேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றாண்டுப் பட்டம் மட்டும் போதாது. 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் நிலவியலாளராக வேண்டுமானால் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுதவேண்டும். அதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் நீர்நிலவியல் பணிக்கும் இதே தேர்வு, இதே விதி. பெரிய சுரங்கங்கள் முழுநேர நிலவியலாளர் ஒருவரை வைத்திருக்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள் சொல்கின்றன. அங்கும் எதிர்பார்ப்பது முதுகலைதான். ஆகவே நிலவியலில் சேரும் குடும்பம் ஐந்தாண்டுக் கணக்குப் போட்டுத்தான் சேரவேண்டும். மூன்றாண்டில் வேலைக்குப் போயாகவேண்டிய நெருக்கடி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது ஆசிரியரின் கடமை. சொல்லாமல் சேர்த்துக்கொள்வது ஏமாற்று.

சரி, முதுகலை எங்கே? சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நிலவியலுக்கும் பயன்பாட்டு நிலவியலுக்கும் துறைகள் உள்ளன. கிண்டிப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம். கிழக்கே வந்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அது மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு எழுதி நுழையவேண்டும். 'நிலவியல்', 'பயன்பாட்டு நிலவியல்', 'புவி அறிவியல்' என்று பெயர்கள் மாறினாலும் பணித் தேர்வுகளில் இவை எல்லாம் ஏற்கப்படுகின்றன. பெயரை வைத்து ஒன்றை உயர்வு என்றும் மற்றதைத் தாழ்வு என்றும் எண்ணவேண்டாம்.

நம் பிள்ளைகள் பலர் அறியாத ஒரு வாசல் உண்டு. ஜாம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நுழைவுத் தேர்வு அது. ஐஐடிகளின் எம்.எஸ்சி. வகுப்புகளில் சேர்வதற்கானது; அதில் நிலவியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் ஐஐடி நுழைவுத் தேர்வு என்ற பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு மாணவி, சேலத்திலோ தூத்துக்குடியிலோ பி.எஸ்சி. நிலவியலை ஊன்றிப் படித்துவிட்டு, இந்த ஒரு தேர்வின் வழியாக மும்பை ஐஐடிக்கோ ரூர்க்கிக்கோ தன்பாத்துக்கோ போகமுடியும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பல லட்சம் பேர் முட்டிமோதும் நாட்டில், இந்தத் தாளை எழுதுபவர்கள் ஒப்பிட மிகக் குறைவு. இரண்டாம் ஆண்டிலேயே பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கேள்விகள் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ்வழியில் வந்தவர்கள் ஒரு நோட்டில் ஒரு பக்கம் தமிழிலும் எதிர்ப்பக்கம் ஆங்கிலத்திலும் குறிப்பெழுதிப் பழகினால் அந்தத் தடை இரண்டு ஆண்டில் கரைந்துவிடும். கரைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததுமே நேராகப் போகும் வழியும் இருக்கிறது. காரக்பூர் ஐஐடியில் நிலவியல், புவி இயற்பியல் துறை 1951 முதல் இயங்குகிறது. தன்பாத்தில் இருப்பது 1926இல் இந்திய சுரங்கப் பள்ளியாகத் தொடங்கி 2016இல் ஐஐடி தகுதி பெற்ற நிறுவனம். ரூர்க்கியிலும் புவி அறிவியலுக்குப் பெரிய துறை உண்டு. இவற்றில் ஒருங்கிணைந்த படிப்புகள் உள்ளன. பட்டத்தின் பெயரும் ஆண்டுக்கணக்கும் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டின் விவரக் கையேட்டைப் பார்த்தே முடிவெடுக்கவேண்டும். கொல்கத்தாவிலுள்ள ஐசர் நிறுவனத்தில் புவி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். ஆராய்ச்சியில் மனம் செல்லும் பிள்ளைக்கு அது நல்ல இடம்.

இயற்பியலில் ஆர்வம் மிகுந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குள் புவி இயற்பியலாளர் என்று தனிப் பணி உண்டு. பூமியின் காந்தப்புலம், ஈர்ப்பு, மின்தடை, அதிர்வலைகள் ஆகியவற்றை அளந்து உள்ளே இருப்பதை அறிபவர் அவர். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களும் இந்தப் பணிக்குத் தேர்வெழுதலாம். அதேபோல் வேதியியல் முதுகலைக்காரர்களுக்கும் அங்கே பணியிடம் இருக்கிறது. நிலவியல் படிக்கத் தவறிவிட்டோமே என்று வருந்தும் இயற்பியல் மாணவர்கள் இந்த அவையில் யாராவது இருந்தால், கதவு இன்னும் மூடவில்லை.

பொறியியல் பக்கம் வந்தால் குழப்பம் கூடுகிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியலும் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸும் பி.இ. படிப்புகளாக உள்ளன. இவை நிலவியலுக்கு உறவு. ஆனால் நிலவியல் ஆகா. கனிமம் எங்கே, எவ்வளவு, எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்பவர் நிலவியலாளர். அதைக் கூரை இடியாமல், ஆள் சாகாமல் வெளியே எடுப்பவர் சுரங்கப் பொறியாளர். சுரங்க மேலாளர் ஆகவேண்டும் என்று கனவு காணும் பிள்ளை நிலவியலில் சேர்ந்தால் பாதி வழியில் ஏமாறும். ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் செயற்கைக்கோள் படங்களையும் கணினி வரைபடங்களையும் கையாளும் துறை. வேலைவாய்ப்பு உள்ள படிப்புதான். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறை இதில் நெடுநாள் பணியாற்றி வருகிறது.

இங்கே என் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். சில ஆண்டுகளாகப் படிப்புகளின் பெயர்கள் மாறுகின்றன. பெயர் மாறும்போது பாடத்திட்டத்தில் ஃபீல்டு நாட்கள் குறைகின்றன. நிலவியலாளர்கள் எந்த மொழி பேசினாலும் வெளிக்களத்தை ஃபீல்டு என்றுதான் சொல்வார்கள். ஆய்வக மேசையில் கணினி வந்திருக்கிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் வானிலிருந்து எடுத்த படத்தில் தெரியும் ஒரு கோடு பாறைப் பிளவா, பழைய ஓடையா, மாட்டுவண்டித் தடமா என்பதை அங்கே போய் நின்று பார்த்தவர்தான் சொல்லமுடியும். எனவே கல்லூரியில் சேருமுன் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது: மூன்றாண்டில், ஐந்தாண்டில், மாணவர்களை எத்தனை நாள் பாறைமேல் நிறுத்துகிறீர்கள்? எங்கெங்கே அழைத்துப் போகிறீர்கள்? உடன் வருபவர் யார்? இதற்கு நாள்கணக்கோடும் ஊர்ப்பெயரோடும் பதில் சொல்லும் துறை எதுவோ, அது நல்ல துறை. கட்டடம் சிறியதாக இருக்கலாம், நுண்ணோக்கி பழையதாக இருக்கலாம், பரவாயில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஃபீல்டு வாசலிலேயே இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் பக்கத்தைச் சொல்கிறேன். அங்கே கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது. 1862இல் வெளிவந்த நூலில் ஹென்றி பிளான்ஃபோர்டு அந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்து சேகரித்த சங்குகளையும் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக விவரித்து எழுதியவர் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா. மொராவியாவிலிருந்து வந்தவர். 1874இல் இமயத்துக்கு அப்பாலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரங்களில் மூச்சுத்திணறி, முப்பத்தாறு வயதில் இறந்தார். நம் ஊர் ஓடைக்கரைச் சிப்பிகளுக்காகப் பல ஆண்டுகளைக் கொடுத்த அந்த மனிதரின் பெயர் அரியலூரில் ஒரு தெருவுக்காவது இருக்கவேண்டும்.

காரை என்ற ஊரில் மழைநீர் அரித்த மண்மேடுகள் மடிப்பு மடிப்பாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஓடையில் இறங்கினால் களிமண்ணில் ஜிப்சம் தகடுகள் மின்னும். தோட்டாக்களைப் போன்ற பெலம்னைட்டுகள் கிடக்கும். கணவாய்மீனின் பண்டைய உறவினங்கள் அவை. கருடமங்கலத்தில் கல்லே சிப்பிகளால் ஆனது. சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகி, சுமார் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல். கடலில் அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்த மரம். 1940இல் அதைக் கண்டு சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சைத் தரணியில் பிறந்தவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவராக 1951இல் பொறுப்பேற்றார். இந்தியாவும் பர்மாவும் சேர்ந்த நிலப்பரப்பின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது. அந்த மரத்தின் முன்னால் நின்று அவரைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பறையில் வராத அமைதி வரும்.

சேலம், நாமக்கல் பக்கம் போனால் வேறொரு காலம். சுண்ணாம்புக்கரடு என்று மக்கள் சொல்லும் குன்றுகளில் வெள்ளைவெளேரென்று மேக்னசைட். கஞ்சமலையில் இரும்புத்தாது. சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் என்ற பாறை. நிலவின் மேட்டுநிலங்களில் இருப்பது இந்த வகைதான். சந்திரயான் திட்டத்தில் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணுக்கு ஈடான மண் தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையை அரைத்துத்தான் செய்தார்கள். அங்கே அந்தப் பாறை இருக்கிறது என்பதைக் கால்நடையாக அலைந்து கண்டு எழுதிவைத்த பழைய நிலவியலாளர்கள் இல்லாவிட்டால் அந்த மண்ணை வெளிநாட்டில் விலைகொடுத்து வாங்கியிருக்கவேண்டும்.

படித்தபின் வேலை என்ன என்று கேட்பீர்கள். ஆய்வுத் துறையையும் நிலத்தடி நீர் வாரியத்தையும் சொன்னேன். காவிரிப் படுகையில் எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கேட் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு நிலவியலாளர்களைப் பல ஆண்டுகள் எடுத்துள்ளன. அணுக் கனிமங்களைத் தேடும் இயக்ககம் ஐதராபாத்தில் இருக்கிறது. மாநில அரசின் கனிமத் துறை, குடிநீர் வடிகால் வாரியம், சிமெண்ட் ஆலைகள், அணைக்கும் சுரங்கப்பாதைக்கும் அடித்தளம் பார்க்கும் பொறியியல் நிறுவனங்கள் என்று பட்டியல் நீளும். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் எந்தச் சரிவு இறங்கும் என்று முன்கூட்டிக் குறிக்கும் பணி நாளுக்கு நாள் பெருகுகிறது.

நீரைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாநிலத்துக்கு மிகவும் வேண்டிய நிலவியலாளர் நீர்நிலவியலாளர்தான். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப்பாறை. அங்கே நிலத்தடியில் ஆறு ஓடுவதில்லை. மேலே சிதைந்த முரம்பிலும், அதன் கீழே பாறை விரிசல்களிலும்தான் நீர் இருக்கிறது. விரிசல் இல்லாத இடத்தில் ஆயிரம் அடி போட்டாலும் புகைதான் வரும். ஒரு விவசாயி நகையை அடகு வைத்து போர்வெல் போடுகிறார். தேங்காயை உள்ளங்கையில் நிமிர்த்தி நீரோட்டம் பார்ப்பவரை அவர் அழைக்கிறார் என்றால், அந்த ஒன்றியத்தில் கூப்பிட்டால் வரக்கூடிய நிலவியலாளர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் பொருள். விவசாயியைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர்ப்படுகை இருக்கிறது. இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு எழாமல் இருக்கும். 1956இல் நிறுவனம் தொடங்கிய நாள்முதல் அங்கே நீர்நிலவியல் இல்லாமல் ஒரு கூடை நிலக்கரியும் இல்லை. அந்த இறைப்பு சுற்றுவட்டாரக் கிணறுகளை என்ன செய்கிறது என்று அளந்து சொல்லவேண்டியவரும் அதே படிப்பைப் படித்தவர்தான்.

அரிட்டாபட்டியிலும் இதே நிலை. 2022இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்தில் அதை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது, மக்கள் எழுந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே கனிமம் இருக்கிறது என்று கண்டவர் நிலவியலாளர். அந்தக் குன்றுகளின் சுனைகள் எந்த விரிசல் வழியே நீர் பெறுகின்றன, வெடி வைத்தால் எது வற்றும் என்று சொல்லக்கூடியவரும் நிலவியலாளர். இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதும் நெஞ்சுரம் வேண்டும். பட்டம் தரும் நிறுவனங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் வைக்கவேண்டும் என்று துணைவேந்தர்களிடம் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். ஊர்க்கூட்டத்தில் தமிழில் எழுந்து நின்று விளக்கத் தெரியாத நிலவியலாளரை உருவாக்கி நமக்கு என்ன பயன்?

பெண்பிள்ளைகளின் பெற்றோர் தனியாக வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காடுமலையெல்லாம் அலையவேண்டுமாமே, இவளால் முடியுமா? யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா 1983இல் இந்தியக் குழுவோடு அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்டார்; அந்தக் கண்டத்தில் கால்வைத்த முதல் இந்தியப் பெண்கள் இருவரில் ஒருவர். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்துக்குள் விடாமல் வைத்திருந்தது. 2019இல் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு அந்தத் தடை தளர்ந்தது. இன்று நிலவியல் வகுப்புகளில் மாணவியர் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அறிவுரை அன்று. முகாமில் பாதுகாப்பான தங்குமிடமும், கழிப்பறையும், உடன் வரும் பெண் ஆசிரியரும். இவற்றை ஏற்பாடு செய்யாத துறை, மாணவியர் ஃபீல்டுக்கு வரத் தயங்குகிறார்கள் என்று சொல்லக்கூடாது.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடம் 1765இல் தொடங்கியது. ஹம்போல்ட் படித்த இடம். முதுகலைக்கோ ஆராய்ச்சிக்கோ அங்கும் மற்ற நாடுகளுக்கும் போகலாம்; இளங்கலைக்குக் கடன் வாங்கிப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இந்தப் பாறைகளைப் பார்க்க அவர்கள் இங்கே வருகிறார்கள். இலங்கையிலிருந்து இதைக் கேட்பவர்களுக்கு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையும் மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் துறையும் இருக்கின்றன. இந்திய நிலவியலின் மூத்தவர் டி.என். வாடியா 1938 முதல் சில ஆண்டுகள் இலங்கை அரசின் கனிமவியலாளராகப் பணியாற்றியவர். உங்கள் நாட்டுப் பாறையும் எங்கள் பாறையும் ஒரே கோண்டுவானாக் கண்டத்தின் துண்டுகள்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அரசுக் கல்லூரியில் நிலவியல் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கல்விக் கட்டணம் குறைவு. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஃபீல்டுக்குப் போகும்போதுதான் கையைக் கடிக்கிறது. பேருந்து வாடகை, தங்குமிடம், சாப்பாடு, கணுக்காலைக் காக்கும் காலணி என்று சேர்ந்தால் ஒரு பயணத்துக்கே சில ஆயிரம் ஆகிவிடுகிறது. காய்ச்சல் என்று சொல்லிப் பயணத்துக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைகளில் பலருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் இந்தச் சொற்பொழிவுக்குச் செலவிடும் தொகையோடு, வைப்புநிதியின் வட்டியில் ஒரு பங்கை இரண்டாம் ஆண்டு மாணவர்களின் ஃபீல்டு பயணத்துக்கென்று ஒதுக்குங்கள். சுத்தியலும் கைலென்ஸும் துறையிலேயே இருப்பு வைத்து இரவல் கொடுக்கலாம். துறைத்தலைவர் இங்கேயே இருக்கிறார். கணக்கை இன்று மாலையே உட்கார்ந்து போட்டுவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகள் வடிந்ததும், ஜனவரியில் காரைக்கு முதல் பயணம் வைத்துக்கொள்ளலாம்.